கிலாவேயா: டிக்கெட் போடும் முன் கொஞ்சம் சரித்திரம்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம்மவர்கள், போகிற போக்கில் ஹவாயையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறார்கள். "எந்த மாசம் போனா எரிமலைக் குழம்பு பார்க்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. மாசம் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவில் கிலாவேயா, மவுனா லோவா என்று இரண்டு உயிருள்ள எரிமலைகள். எல்லோரும் பார்க்கப் போவது பெரும்பாலும் கிலாவேயாவைத்தான். அதன் விளிம்பிலேயே 'வால்கனோ ஹவுஸ்' என்று ஒரு விடுதி. 1865-ல் அங்கே ஒரு பதிவேடு வைத்தார்கள். வந்து தங்குகிறவர்கள் மலை அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் அதில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த வருஷமே வந்து தங்கியவர் மார்க் ட்வெய்ன். ஆராய்ச்சி நிலையம் வந்தது 1912-ல்தான். அதற்கு முந்தைய நிலவரம் தெரிய, விஞ்ஞானிகள் இன்றும் இந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். (லெட்ஜரை மதிக்கிற ஊர் என்றால் எனக்குத் தனிப் பிரியம்.)

அந்த நிலையத்தைத் தொடங்கியவர் தாமஸ் ஜாகர். 1902-ல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, ஒரே காலையில் சுமார் 28,000 பேர் செத்துப்போனார்கள். அந்த இடிபாடுகளை நேரில் பார்த்த பிறகு எரிமலைகளே அவருடைய வாழ்க்கையாகிவிட்டன. அவரும் பத்திரிகை அதிபர் லாரின் தர்ஸ்டனும் விடாமல் முயன்று, 1916 ஆகஸ்ட் 1-ல் பூங்கா சட்டமானது.

அப்போதெல்லாம் ஹலேமவுமவு என்ற பள்ளத்தில் குழம்பு ஏரி அநேகமாக எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். தைரியமாகத் தேதி குறிக்கலாம். 1924 பிப்ரவரியில் அந்த ஏரி வடிந்துபோனது. ஏரி வற்றினால் ஆபத்து போயிற்று என்றுதானே நினைப்போம்? மே மாதம் பள்ளம் வெடிக்க ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கும் மேல் சாம்பலும் பாறைகளும் பறந்தன. எட்டு டன் எடையுள்ள ஒரு பாறை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. மே 18-ம் தேதி, படம் எடுக்கலாம் என்று கிட்டே போன ட்ரூமன் டெய்லர் மீது கற்கள் விழுந்தன. அன்றிரவே இறந்துபோனார். அந்த வெடிப்பில் இறந்தவர் அவர் ஒருவர்தான். பஹாலா கரும்புத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நம்ம சாதிக்காரர், அதாவது கணக்குப்பிள்ளை சாதி. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

பிறகு 1934-லிருந்து 1952 வரை, பதினெட்டு வருஷம், கிலாவேயா ஒரு தடவைகூடக் குழம்பு கக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆசையாகப் போனவர்கள் ஒரு பெரிய பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நேர்மாறாக, 1983-ல் தொடங்கிய பூஊ ஓஓ வெடிப்பு முப்பத்தைந்து வருஷம் ஓடியது. அது 2018-ல் முடிந்த கையோடு மலையடிவாரத்தில் குழம்பு பீறிட்டு, 700-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டுபோனது. உச்சியில் பள்ளத்தின் தரையே உள்ளே இறங்கியது. பூங்காவின் பெரும்பகுதியை நாலு மாசத்துக்கு மேல் மூடிவைத்தார்கள். முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

2024 டிசம்பர் 23 முதல் இன்னொரு பாணி. சில மணி நேரம் குழம்பு ஊற்றாகப் பொங்கும், சில சமயம் 300 மீட்டரையும் தாண்டும். அப்புறம் நின்றுவிடும். அடுத்தது எப்போது? நாள் கணக்கிலும் இருக்கலாம், வாரக் கணக்கிலும் இருக்கலாம்.

ஆகவே, என் யோசனை இதுதான். பள்ளத்தைப் பார்க்கப் போகிறோம் என்று திட்டம் போடுங்கள், குழம்பு தெரிந்தால் போனஸ். கோனாவை விட ஹிலோ விமான நிலையம் ரொம்பப் பக்கம், சுமார் 48 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓடி வராமல் இரண்டு இரவு அந்தப் பக்கமே தங்கினால் வாய்ப்பு கூடும். பழைய பயணப் புத்தகங்களில் இருக்கும் ஜாகர் மியூசியத்தைத் தேடாதீர்கள், 2018 நிலநடுக்கங்களில் சேதமாகி மூடியாயிற்று. ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்குக் கந்தகப் புகை ஆகாது. டாக்டரைக் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள். உச்சி நாலாயிரம் அடி உயரம். ஹவாய்தானே என்று பருத்திச் சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும்.

கல் எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சட்டப்படி குற்றம். அதோடு அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெலே அம்மனின் உடம்பு. கருங்கல் ஞாபகமாக வேண்டுமென்றால் புனேவில் என் வீட்டுக்கு வாருங்கள். இந்தத் தக்காணம் முழுக்க ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் வழிந்து ஆறிய அதே ஜாதிக் குழம்புதான்.