தபால் பையும் வீடியோ பேச்சும்



"தப்புப் பண்ணாதவனுக்கு, யார் கேட்டா என்ன பயம்?" எதிரணித் தங்கை கேட்டாங்க. எங்க அத்தை பதில் சொல்லியிருப்பாங்க.

எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனத்திலே எங்க தெருவுக்கே ஒரு போன், மளிகைக் கடையிலே. இந்த விழுப்புரத்துக்கு டிரங்க் கால் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கணும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு. அரிசி வாங்க வந்த ஆறு பேரும் காதைத் தீட்டிக்கிட்டு நிற்பாங்க. அத்தை, "மஞ்சள் நல்லா இருக்கு, விலைதான் கூட"ன்னு பேசுவாங்க. மஞ்சள்னா மாப்பிள்ளை, விலைன்னா அவங்க கேட்ட நகை! (சிரிப்பு) இதிலே என்ன குற்றம் ஐயா?

வரலாற்றுக்கு வருகிறேன். 1885 தந்திச் சட்டம், 1898 தபால் சட்டம், இரண்டும் வெள்ளைக்காரன் போட்டவை. செய்தியை இடைமறிக்கலாம், கடிதத்தைப் பிரிக்கலாம். 2023-இல் இரண்டுக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்தன. அந்த அதிகாரம் மட்டும் போகவில்லை. 1986-இல் தபாலைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிக்க ஒரு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987-இல் பதவி முடிகிற வரை அப்படியே வைத்திருந்தார்! (கைதட்டல்)

1996 டிசம்பர் 18. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போனை ஒட்டுக் கேட்கவே கூடாதுன்னு சொல்லலை. உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், இரண்டு மாதம் செல்லும், நீட்டினாலும் ஆறு மாதம்தான், சரிபார்க்க ஒரு குழு. அதாவது, கேட்கிறவன் கணக்கு எழுதணும். 2017-இல் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

தங்கை ஓமேகிள் கதையைச் சொல்லி அழ வச்சாங்க. அதை நான் தள்ள மாட்டேன். 2009-இல் அமெரிக்காவிலே 18 வயசுப் பையன் தொடங்கினது. முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கேமரா முன்னாடி சேர்த்து வைக்கும். 11 வயசுச் சிறுமி ஒருத்தி ஒரு கயவன்கிட்ட மாட்டினா. பிறகு வழக்குப் போட்டா. 2023 நவம்பரில் கடையை மூடினாங்க. ஆனா அந்த வழக்கிலே நின்ற வாதம் என்ன? "நீ ஒட்டுக் கேட்கலையே" என்பதல்ல. "குழந்தையையும் பெரிய ஆளையும் ஒரே அறையிலே உட்கார வைக்கிற மாதிரி கட்டிவச்சிருக்கியே!" என்பதுதான். ராத்திரி விழுப்புரம் ஜங்ஷனிலே பிள்ளையைத் தனியா விட்டுட்டு, ஊரார் பையை எல்லாம் சோதிச்சா ஆச்சா?

வாட்ஸ்அப்பிலே ஒருத்தர் மேல புகார் கொடுத்தா, அவர் உங்களுக்கு அனுப்பின கடைசி ஐந்து செய்தி நிறுவனத்துக்குப் போகும். கடிதம் வாங்கினவங்களே கொண்டுபோய்க் காட்டுற மாதிரி. அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. வீடியோ பேச்சு காற்றோடு போயிடுதே, எதைக் காட்டுறதுன்னு தங்கை மடக்கினாங்க. சரியான கேள்விம்மா, அங்கே நான் கொஞ்சம் திணறத்தான் செய்யறேன்.

அத்தைக்கு இப்போ எண்பது தாண்டியாச்சு. பேத்தியோட வீடியோவிலே பேசறாங்க. கல்யாணப் பேச்சு வந்தா, இன்னமும் மஞ்சள் விலைதான்.