தலைக்கவசமும் தனிமனித சுதந்திரமும்: மோட்டார் சைக்கிளோட்டிகளின் உரிமை இயக்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமூக இயக்கங்களின் வரலாற்றை ஆராய்வோர் தொழிலாளர், விவசாயிகள், பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர், தேசிய இனங்கள் ஆகியோரின் போராட்டங்களுக்கு முதன்மை அளிப்பது இயல்பே. ஒரு வாகனத்தைச் செலுத்துவோர், அதனைச் செலுத்துகின்றனர் என்ற ஒரே காரணத்தினால் அணிதிரண்டு, சட்டத்தை எதிர்த்துச் சிறை செல்லவும் துணிந்தனர் எனின், அதனை ஒரு விநோதச் செய்தியாகக் கொண்டு ஒதுக்கிவிடும் மனப்பாங்கே ஆய்வாளரிடையே மேலோங்கியுள்ளது. ஆயினும், 1970களிலிருந்து பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் மோட்டார் சைக்கிளோட்டிகள் அமைத்த இயக்கங்களை நுணுகி நோக்குமிடத்து, சுதந்திரம் என்னும் சொல் யாருடைய வாயில் எப்பொருள் தருகின்றது என்ற பழைய வினா புதிய கோலத்தில் எழுவதைக் காணலாம். அவ்வினா கருதியே இவ்வியக்கங்களை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பிரித்தானியாவை நோக்குவோம். இரண்டாம் உலக யுத்தத்தையடுத்த ஆண்டுகளில் அந்நாட்டு மோட்டார் சைக்கிள் பெரிதும் உழைக்கும் மக்களின் வாகனமாக விளங்கிற்று. கார் வாங்க இயலாத தொழிலாளி தன் மனைவி மக்களைப் பக்கவண்டியில் அமர்த்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற காலம் அது. 1950களின் இறுதியிலிருந்து மலிவான சிறிய கார்கள் பெருகவே அந்நிலை மாறிற்று. குடும்ப வாகனம் என்ற தன்மை குன்றி, ஒருபுறம் இளைஞரின் ஊர்தியாகவும் மறுபுறம் கார் வாங்கும் வசதியற்றோரின் ஊர்தியாகவும் அது எஞ்சியது. சிறுபான்மையினர் ஆகிவிட்ட ஒரு பகுதியினர்மீது சட்டம் இயற்றுதல் எளிது. மோட்டார் சைக்கிளோட்டிகள் யாவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1973 யூன் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. காரின் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயமாக்கப்பட்டதோ 1983ஆம் ஆண்டிலேயாகும். இரண்டும் உயிர்காக்கும் சாதனங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பகுதியினரின் தலைமீது அரசு கொண்ட அக்கறை, வாக்குப்பலமும் செல்வாக்கும் மிக்க மற்றைய பகுதியினரின் மார்பை எட்டுவதற்குப் பத்து ஆண்டுகள் சென்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வொழுங்குவிதிக்கு எதிராக அதே 1973இல் மோட்டார் சைக்கிள் நடவடிக்கைக் குழு என்னும் அமைப்புத் தோன்றிற்று. ‘மாக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்குழு தலைக்கவசத்தை எதிர்த்த அமைப்பு அன்று. தலைக்கவசக் கட்டாயத்தை எதிர்த்த அமைப்பு. அணிவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வளர்ந்த மனிதனுக்கு உரியது என்பதே அதன் வாதம். இக்குழுவினர் இன்றும் நினைவுகூரும் மனிதர் பிரெட் ஹில். உலக யுத்தத்திலே மோட்டார் சைக்கிளிற் செய்தி கொண்டு சென்ற படைவீரர். பின்னர் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தலைக்கவசம் அணிய மறுத்து, குற்றப்பணம் செலுத்தவும் மறுத்து, பல தடவைகள் சிறை சென்றார். 1984 பெப்ருவரி 10ஆந் திகதி, தமது 74ஆவது வயதில், இலண்டன் பென்ரன்வில் சிறைச்சாலைக் கைதியாக இருக்கையில் மாரடைப்பினால் மரணமானார். தம் உயிரைக் காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட ஒரு விதியை மீறியமைக்காக ஒரு முதியவர் சிறைவாசத்தினிடையே இறக்க நேர்ந்தமை, அவ்விதியின் நியாயத்தை ஏற்போரையும் சங்கடத்துக்குள்ளாக்குவது. அவருடைய துணிவை நாம் மதிக்கிறோம். ஆயின் துணிவு வேறு, அத்துணிவுக்கு அடிப்படையான கருத்து வேறு. ஹில் பாதுகாக்க முனைந்த சுதந்திரம், தனித்து நிற்கும் மனிதன் அரசை நோக்கி “என்னை விட்டுவிடு” என்று கூறும் சுதந்திரமாகும். 1844இல் வெளிவந்த ‘யூதர் பிரச்சினை குறித்து’ என்னும் கட்டுரையிலே மார்க்ஸ் விமர்சித்த முதலாளித்துவ உரிமைக் கோட்பாடு இதுவே. மனிதனை மற்றைய மனிதரிடமிருந்து பிரித்து வைப்பதையே உரிமையின் அடிப்படையாக அது கொள்கிறது என்பது அவருடைய கணிப்பு.

இக்கோட்பாட்டின் உள்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு ஈனொக் பவலின் அரசியலைச் சற்று நோக்குதல் பயனுடையது. 1973 ஏப்பிரலில் தலைக்கவச ஒழுங்குவிதி பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, தனிமனித சுதந்திரத்தின் பெயரால் அதனை எதிர்த்துப் பேசியவர்களுள் பவலும் ஒருவர். அதே பவல், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1968 ஏப்பிரல் 20ஆந் திகதி பேர்மிங்ஹாமில் நிகழ்த்திய இனவாத உரையிலே, தொழில் புரியும் இடத்தில் தம் வழக்கங்களைப் பேண விரும்பிய சீக்கியரின் போராட்டத்தைத் தேசத்துக்கு வரும் ஆபத்தின் அறிகுறியாகச் சித்திரித்திருந்தார். அவருடைய தொகுதி அமைந்திருந்த வூல்வர்ஹாம்ப்ரன் நகரிலே, தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்த பஸ் ஊழியர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டதையடுத்து 1967இல் எழுந்த பிணக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1969 ஏப்பிரலில் நகரப் போக்குவரத்துக் குழு பணிந்து தடையை நீக்கிற்று. வெறுந்தலையுடன் பாதையிற் செல்லும் அருவமான மனிதனுக்குச் சுதந்திரம். தலைப்பாகையுடன் பஸ்ஸிலே பயணச்சீட்டுக் கொடுக்கும் உருவமான தொழிலாளிக்கு அது இல்லை. பவலை நேர்மையற்றவர் என்று கூறுவதோடு இவ்விடயம் முடிந்துவிடாது. சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சுதந்திரம் இவ்வாறு எவர் கைக்கும் ஏற்ற கருவியாகிவிடும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

தலைக்கவச விதி சீக்கியரை நேரடியாகத் தாக்கிற்று. தலைப்பாகையைக் களையாமல் தலைக்கவசம் அணிதல் இயலாது. நீதிமன்றங்களிடம் முறையிட்டவர்களுக்குக் கிடைத்த விடை, எவரும் மோட்டார் சைக்கிள் செலுத்துமாறு கட்டாயப்படுத்தப்படவில்லை என்ற வகையிலேயே அமைந்தது. மேலோட்டமாக நோக்குவோருக்கு மறுக்க முடியாததாகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் வர்க்கச் சார்புடையது. பொழுதுபோக்காக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் அதனை விட்டுவிடலாம். பஸ் ஓடாத நேரத்தில் இரவு வேலைக்குச் செல்ல வேண்டியவனுக்கு, கார் வாங்க வசதியற்றவனுக்கு, விடுவதா வைத்திருப்பதா என்ற தெரிவு எங்கே உள்ளது? 1973க்கும் 1976க்குமிடையில் இருபது தடவைகள் தண்டிக்கப்பட்ட சீக்கியர் ஒருவர் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய ஆணைக்குழு வரை சென்றார். 1978இல் அவ்வாணைக்குழு, பொதுச் சுகாதாரத்தைக் காரணங்காட்டி, அவருடைய முறைப்பாட்டை நிராகரித்தது.

நீதிமன்றம் மறுத்ததை அரசியல் பெற்றுத் தந்தது. சீக்கியர் செறிந்து வாழ்ந்த சவுத்தோல் பகுதியின் தொழிற்கட்சி உறுப்பினரும், முன்னாள் புகையிரதத் தொழிலாளியும், கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்தவருமான சிட்னி பிட்வெல் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1976 நவம்பரில் அது சட்டமாயிற்று. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விதிவிலக்குக் கிடைத்தது. ‘மாக்’ இயக்கம் இத்தனை ஆண்டுகளாகக் கோரியும் பொதுவான மோட்டார் சைக்கிளோட்டிக்கு இன்றுவரை கிடைக்காத ஒன்றைப் புலம்பெயர்ந்த ஒரு சிறுபான்மைச் சமூகம் மூன்று ஆண்டுகளில் பெற்றுக்கொண்டமை எவ்வாறு? சமய உணர்ச்சியின் வலிமை என்று மாத்திரம் விடை கூறுதல் பொருந்தாது. வூல்வர்ஹாம்ப்ரன் போன்ற நகரங்களிலே ஏற்கெனவே போராடி அனுபவம் பெற்ற சமூகம் அது. குருத்துவாராக்களும் தொழிலாளர் சங்கங்களும் அதற்கு நிறுவன பலத்தை அளித்தன. சவுத்தோலில் வாக்குப்பலமும் இருந்தது. அருவமான சுதந்திரத்தையன்றி, குறிப்பிட்ட மனிதரின் குறிப்பிட்ட வாழ்நிலையை அடியொற்றிய கோரிக்கையை அது முன்வைத்தது.

ஆயினும் இவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைத்தல் ஆகாது. இரண்டு உலக யுத்தங்களிலும் சீக்கியர் தலைப்பாகையுடனேயே பிரித்தானியப் பேரரசுக்காகப் போரிட்டு மடிந்தனர் என்பதே விதிவிலக்கை ஆதரித்தோர் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்த நியாயம். பிரித்தானியாவின் தொழிற்சாலைகளில் அன்று உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் உரிமை, அவனுடைய பாட்டன் ஏகாதிபத்தியத்துக்குச் சிந்திய இரத்தத்தின் பேரிலேயே வழங்கப்படுகிறது. நிகழ்கால உழைப்பு உரிமைக்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளப்படவில்லை.

இதே 1973ஆம் ஆண்டின் பிறிதொரு நிகழ்ச்சியை இவ்விடத்திற் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. செப்ரெம்பர் மாதத்தில், கொவென்றி நகருக்கு அண்மையிலுள்ள மெரிடனில், ட்றையம்ப் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர் தொழிற்சாலையைக் கைப்பற்றி உள்ளிருந்து போராடினர். அமைச்சர் ரோனி பென்னின் ஆதரவோடு 1975இல் அது தொழிலாளர் கூட்டுறவாக மாறி, 1983இல் வீழ்ச்சியடையும் வரை இயங்கிற்று. மோட்டார் சைக்கிளைச் செலுத்துவோரின் உரிமை இயக்கமும் அதனை உற்பத்தி செய்வோரின் உரிமைப் போராட்டமும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் எழுந்தன. ஒன்றின் கோரிக்கையில் மற்றதற்கு இடம் இருக்கவில்லை. நுகர்வோனாகத் தன்னைக் காணும் மனிதன் உற்பத்தியாளனைக் காண்பதில்லை. முதலாளித்துவச் சமூகத்தில் இது புதியதோர் அனுபவமன்று.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு நன்கு அறியப்பட்டது. எனவே சுருக்கமாகக் கூறுவோம். 1966இல் நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு வீதிநிதி குறைக்கப்படும் என அச்சுறுத்திற்று. 1975அளவில் மூன்று மாநிலங்கள் தவிர ஏனையவை பணிந்திருந்தன. 1970களின் தொடக்கத்திலிருந்து ‘அபேற்’ என்ற பெயரிலான அமைப்புகள் மாநிலந்தோறும் தோன்றி, சட்டமன்றங்களின் முன்னால் ஆயிரக்கணக்கான வண்டிகளை அணிவகுத்து நிறுத்தின. 1976இல் காங்கிரஸ் அந்நிதித் தண்டனையை நீக்கிற்று. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது மாநிலங்கள் தத்தம் சட்டங்களை நீக்கின அல்லது தளர்த்தின. மோட்டார் சைக்கிள் மரணங்கள் 1976இல் 3,300 அளவில் இருந்தவை 1980இல் 5,100ஐத் தாண்டின. வண்டிகளின் தொகையும் இக்காலத்தில் அதிகரித்ததாயினும், மரணங்களின் பெருக்கத்தை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது. இவ்வெண்களைப் புறக்கணித்துவிட்டுச் சுதந்திரம் பேசுவதை நாம் ஏற்கவில்லை. பின்னர் வந்த தளர்வுகளிலே மற்றொரு பண்பும் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம், 21 வயதைக் கடந்தவர் 10,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பின் தலைக்கவசமின்றிச் செல்லலாம் என விதித்தது. காப்புறுதிக்குக் காசுள்ளவனுக்குச் சுதந்திரம் என்பது இதன் வெளிப்படையான பொருள்.

மாறாக, இயக்கங்களின் முறைப்பாடுகள் யாவும் ஆதாரமற்றவை என்று தள்ளிவிடுவதும் தவறு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் குழுவினர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்து, 1981இல் வெளியிட்ட அறிக்கை இரு முடிவுகளை ஒருங்கே தந்தது. தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்பது ஒன்று. பிறிதொரு வாகனத்துடன் மோதிய மோட்டார் சைக்கிள் விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் அப்பிற வாகனத்தின் சாரதியே வழியுரிமையை மீறியிருந்தார் என்பது மற்றையது. அரசுகள் முதலாவதைச் சட்டமாக்கின. இரண்டாவது, காரையே நடுவணாகக் கொண்டமைந்த வீதியமைப்பையும் சாரதிப் பயிற்சியையும் கேள்விக்குள்ளாக்குவது. செலவும் எதிர்ப்பும் மிக்கது. பாதிக்கப்படுவோனின் நடத்தையைத் திருத்துவது, பாதிப்பை உண்டாக்கும் அமைப்பைத் திருத்துவதிலும் மலிவானது. தொழிற்சாலை விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனயீனத்தைக் காரணமாகக் காட்டும் முதலாளியின் நியாயமும் இதுதான்.

இந்த இடத்திலேதான் பிரான்சின் அனுபவம் நமக்கு முக்கியமாகின்றது. அங்கே 1980இல், பெரிய மோட்டார் சைக்கிள்கள்மீது விதிக்கப்பட்ட ஆண்டு வரிக்கெதிரான ஆர்ப்பாட்டங்களினூடே, சினங்கொண்ட மோட்டார் சைக்கிளோட்டிகளின் பிரெஞ்சுச் சம்மேளனம் தோன்றிற்று. வரி எதிர்ப்பு என்ற அளவில் அதுவும் “என்னை விட்டுவிடு” என்ற குரலுடனேயே தொடங்கியது எனலாம். ஆனால் அது அங்கு நிற்கவில்லை. இளம் ஓட்டிகளிடம் காப்புறுதிக் கம்பனிகள் அறவிட்ட கட்டணம் அவர்களை வீதியிலிருந்தே விலக்கிவிடும் அளவுக்கு உயர்ந்திருந்தது. கட்டணத்தைக் குறைக்குமாறு அரசை இரப்பதை விடுத்து, தாமே பங்குப் பணம் திரட்டி, 1983இல் ஒரு பரஸ்பரக் காப்புறுதிச் சங்கத்தை நிறுவினர். தனியார் பங்குதாரர் இல்லை. காப்புறுதி பெறுவோரே உடைமையாளர். நிர்வாகிகளை அவர்களே தெரிவு செய்தனர். பயிற்சியைத் தாமே பொறுப்பேற்று ஓட்டுநர் பயிற்சிச் சங்கமொன்றையும், சொந்தச் சஞ்சிகையையும் அமைத்தனர்.

அவர்களது கோரிக்கைகளின் இயல்பும் இதனோடு மாறிற்று. வீதியோர உலோகத் தடுப்புவேலி அதற்கு நல்ல உதாரணம். காரைத் தடுத்து நிறுத்துவதற்கென அமைக்கப்பட்ட அவ்வேலியின் கீழே இடைவெளி உண்டு. வழுக்கி விழும் மோட்டார் சைக்கிளோட்டியின் உடல் அவ்விடைவெளியினூடே சென்று, வேலியைத் தாங்கும் தூண்களில் மோதும். கையோ காலோ துண்டிக்கப்படுதல் அரிதன்று. கீழ்ப்பகுதியையும் தகட்டினால் மூடுமாறு சம்மேளனம் நீண்டகாலம் போராடி, அபாயமான வளைவுகளிற் பலவற்றில் அதனைச் செய்வித்தது. தனிமனிதன் எவனும் தன் விருப்பத்தினாற் பெற்றுக்கொள்ள முடியாத பாதுகாப்பு இது. வீதி யாருக்காக, யாருடைய அளவுக்கு அமைக்கப்படுகிறது என்று கூட்டாகக் கேட்டவர்களுக்கே கிடைத்தது. 1983இல் தொடங்கிய அக்காப்புறுதிச் சங்கம் நாற்பது ஆண்டுகள் கடந்தும் அங்கத்தவரின் உடைமையாகவே நிலைத்திருக்கிறது.