குறுக்குவெட்டுகளுக்கு நடுவே: லாஃப்ட் திண்மத்தின் வரலாறு

வெவ்வேறு தளங்களில் வரைந்த மூடிய உருவங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், கணினிவழி வடிவமைப்பு (கேட்) மென்பொருளின் லாஃப்ட் கட்டளை அவற்றை இணைத்து ஒரு திண்மத்தை எழுப்பித் தருகிறது. உருவங்கள் நாம் கொடுத்தவை. அவற்றுக்கு இடைப்பட்ட வடிவம் நாம் கொடுக்காதது. அதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால்தான் இக்கட்டளையின் வரலாறு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணினிக்கு நெடுங்காலம் முன்பே எழுந்த கேள்வி இது. மரக்கப்பல் கட்டும் தளங்களில் மோல்டு லாஃப்ட் என்னும் விசாலமான மாடம் இருந்தது. கப்பலின் வளைகோடுகளை அதன் தரையில் முழு அளவில் வரைவார்கள். இங்கிலாந்தின் சாத்தம் தளத்தில் அத்தகைய மாடம் இன்றும் நிற்கிறது. 1759-இல் அடிமரம் இடப்பட்ட விக்டரி போர்க்கப்பலின் கோடுகள் அங்கேதான் வரையப்பட்டன. குறித்த புள்ளிகளின் வழியே மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, தரையில் ஆணிகளாலும் வரைபலகையில் ஈயக் கட்டிகளாலும் அதை நிறுத்தி, ஓரமாகக் கோடு இழுப்பார்கள். புள்ளிகளுக்கு இடையே, வளைவதற்கான ஆற்றல் மிகக் குறைவாகத் தேவைப்படும் வடிவத்தைச் சட்டம் தானே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு கோடு சீராக அமைந்தால் போதாது. பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் மூன்றிலும் அதே புள்ளி ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் சற்று நகர்த்தினால் மற்ற இரண்டையும் திருத்த வேண்டும். திருத்தியதில் புதிய நெளிவு முளைத்தால் மறுபடி முதலிலிருந்து. சட்டத்தின் நீளவாக்கில் கண்ணை ஓட்டியே நெளிவைக் கண்டுபிடித்தார்கள். கையும் கண்ணும் சேர்ந்த இந்த அறிவுக்குக் கருவிகளின் வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

விமானத் தொழில் இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. பின்னர் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் ராய் லைமிங், பி-51 மஸ்டாங்கின் உடல் வடிவத்தைக் கூம்பு வெட்டு வளைவுகளின் சமன்பாடுகளால் வரையறுத்தார். தம் முறையை 1944-இல் நூலாகவும் வெளியிட்டார். வளைவு எண்ணாக மாறிவிட்டால் எந்தப் பட்டறையிலும் அதைப் பிசகின்றி மீண்டும் பெறலாம். 1946-இல் ஐசக் ஷோன்பெர்க், துண்டு துண்டான பல்லுறுப்புக்கோவைகளால் அமைந்த வளைவுக்கு மரச்சட்டத்தின் பெயரையே சூட்டி ஸ்ப்லைன் என்றார். சாய்வு சிறிதாக இருக்கும் வரை, முப்படி ஸ்ப்லைன் அந்தச் சட்டத்தைப் போலவே வளைகிறது.

அடுத்தது கோட்டிலிருந்து பரப்புக்கு. எம்.ஐ.டி.யின் ஸ்டீவன் கூன்ஸ் 1967-இல் வெளியிட்ட அறிக்கை, நான்கு எல்லை வளைவுகளுக்கு நடுவே ஒரு பரப்பை நிரப்பும் வழியைச் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸின் வில்லியம் கார்டன் அதை வளைவுகளின் வலைக்கு விரித்தார். வளைவைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையறுக்கும் பி-ஸ்ப்லைன் வந்தபின், குறுக்குவெட்டுகள் அனைத்தையும் ஒரே படிக்குக் கொண்டுவந்து, அவற்றின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் குறுக்கே இணைத்துப் பரப்பு பெறுவது வழக்கமாயிற்று.

பரப்புக்கு உள், வெளி என்ற பேதம் கிடையாது. அதற்குக் கன அளவும் இல்லை. 1970-களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு முதலானோர் வளர்த்த எல்லைவழித் திண்ம அமைப்பு இக்குறையைத் தீர்த்தது. லாஃப்ட் தரும் பக்கச் சுவருடன் முதல், கடைசி உருவங்களை மூடிகளாகத் தைத்தால் அது திண்மம். உருவங்கள் மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதனால் வருகிறது. 1988-இல் வந்த புரோ/எஞ்சினியரும் 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸும் ஆகிய கேட் மென்பொருள்கள் இதைச் சாதாரண வரைவாளரின் மேசைக்குக் கொண்டுவந்தன.

இங்கேதான் பழைய மாடத்தில் எழாத ஒரு சிக்கல் தலைதூக்கியது. சதுரத்திலிருந்து வட்டத்திற்கு லாஃப்ட் செய்தால், சதுரத்தின் நான்கு மூலைகள் வட்டத்தின் எந்தப் புள்ளிகளுக்குச் செல்ல வேண்டும்? வட்டத்திற்கு மூலையே இல்லை. மென்பொருள் தவறான தொடக்கப் புள்ளியை எடுத்தால் திண்மம் முறுக்கிக்கொள்கிறது. கப்பலில் நடுக்கோடும் மேல்தள விளிம்பும் நீர்மட்டக் கோடுகளும் எந்தப் புள்ளி எதனோடு சேரும் என்பதை முன்பே சொல்லிவிடும். கணினிக்கு அதை ஒருவர் சொல்லித்தர வேண்டும். வட்டத்தை நான்கு வில்களாக உடைப்பதும், வழிகாட்டு வளைவுகள் இடுவதும், முனைகளில் தொடுகோட்டுத் திசையைக் குறிப்பதும் அதற்காகவே. என் பார்வையில் இவை கூடுதல் வசதிகள் அல்ல, தரையில் நடந்த அதே தீர்மானங்கள்.

நெளிவைத் தேடும் வேலையும் ஓயவில்லை. இன்று பரப்பின்மேல் வரிக்குதிரைக் கோடுகளைப் பிரதிபலிக்கச் செய்து பார்க்கிறார்கள்: இரு பரப்புகள் கூடுமிடத்தில் கோடுகள் விலகி நின்றால் தொடுதிசை ஒத்துவரவில்லை, சேர்ந்தும் முறிந்து திரும்பினால் வளைவின் அளவு ஒத்துவரவில்லை.