தோட்டவெளியில் துயில்வோர்

மன்னார்த் தீவிலே தோட்டவெளி என்றொரு சிற்றூர் உண்டு. மணலும் பனையும் உப்புக்காற்றும் சூழ்ந்த அவ்விடத்தில் வேதசாட்சிகளின் நினைவாக ஓர் ஆலயம் நிற்கிறது. 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசனாகிய சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்ட கிறிஸ்தவர் அங்கே துயில்கின்றனர் என்பது மன்னார் மக்களின் நம்பிக்கை. மாண்டவர் அறுநூறு முதல் எழுநூறு பேர் வரை என்பர். அவர்களுள் அநேகமாக எவருடைய பெயரும் நமக்கு எட்டவில்லை.

அவர்கள் யார்? கடலை நம்பி வாழ்ந்த எளிய மக்கள். எதிர்க்கரையில், முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் என்று கணக்கிடுவர். அம்மாற்றத்தில் ஆன்மநாட்டம் எவ்வளவு, முத்துச்சலாபத்தில் தமக்கு நேர்ந்த இடரிலிருந்து போர்த்துக்கேயரின் துணையால் தப்பும் எண்ணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் எளிதன்று. 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் புகழ் கடல் கடந்து மன்னாருக்கும் எட்டியது. மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். தாம் வர இயலாமையால் அவர் வேறொரு குருவை அனுப்பினார். அக்குருவிடமே அவர்கள் திருமுழுக்குப் பெற்றனர்.

“வேதத்தில் சேர்ந்தார்கள்” என்று இதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லுவர். சேர்தல் என்னும் சொல்லை நோக்குக. ஒருவன் தனக்குள்ளே ஒன்றை நம்புவதை அச்சொல் குறிப்பதில்லை. ஒரு கூட்டத்தினுள் புகுவதையே குறிக்கிறது. ஒரு கூட்டத்திற் சேர்பவன் மற்றொன்றை விட்டு நீங்கினான் என்று பிறர் கொள்வதும் இயல்பே.

சங்கிலி அவ்வாறே கொண்டான். முந்திய ஆண்டாகிய 1543இல்தான் போர்த்துக்கேய ஆளுநர் கப்பற்படையோடு வந்து அவனை அச்சுறுத்தித் திறை செலுத்த இணங்கச் செய்திருந்தார். அந்தப் புண் ஆறுமுன்னரே தன் குடிகள் அந்நியரின் சமயத்தை ஏற்றனர் என்ற செய்தி வந்தது. குருவுக்கு அது ஆன்மாக்களின் மீட்பு. அரசனுக்கோ அது குடிகளின் இழப்பு. திருமுழுக்கு நீரிலே அவன் பறங்கியின் கொடியைக் கண்டான். அவ்வச்சம் முற்றிலும் பொய்யென்று சொல்லுவதற்கில்லை. 1560இல் மன்னாரிலே போர்த்துக்கேயரின் கோட்டை எழுந்தது. ஆயினும் அச்சம் மெய்யாயினமையால் கொலை நியாயமாகிவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் மன்னாரில் அறுநூறு பேர் கொல்லப்பட்டதைக் குறிக்கிறது. வயது பாராது வெட்டினர் என்பர். குழந்தைகளும் அவர்களுள் இருந்திருப்பின், நம்பிக்கையை ஏற்கவோ மறுக்கவோ அறியாத பருவத்திலேயே அவர்கள் மாண்டனர். அவர்களைக் கொன்றது எதுவென்று கேட்டால், எந்த வீட்டில் பிறந்தனர் என்பதன்றி வேறு விடையில்லை.

இனி மறுகரையில் நிகழ்ந்ததைக் காண்போம். கொடுமை கேட்டுக் கலங்கிய சவேரியார், அரசனைத் தண்டிக்கப் படையெடுக்க வேண்டுமென்று போர்த்துக்கேய அதிகாரிகளை வேண்டினார். 1545இல் அம்முயற்சியை எதிர்பார்த்து நாகப்பட்டினத்திற்கும் வந்தார். அவ்வேளையில் பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு அரசன் கையிற் சிக்கியது. அதனை மீட்கும்வரை அவனைப் பகைத்தல் ஆகாதென்று படையெடுப்பு கைவிடப்பட்டது. தம் கூட்டத்தவர் என்று யாரை நம்பி அம்மக்கள் சேர்ந்தனரோ, அவர்களுடைய தராசில் ஒரு கப்பற் சரக்கு அறுநூறு உயிரினும் கனத்தது.

தோட்டவெளிக்கு எதிரே பெருநிலத்தில், மாதோட்டத்தில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அக்கோயிலும் இடிக்கப்பட்டது. சைவ அரசனின் வாளுக்கு இரையானவர்களின் நினைவிடமும், கிறிஸ்தவப் படையினரின் கைக்கு இரையான கோயிலும் இவ்வாறு அருகருகே அமைந்துள்ளன.

இவ்விரு பக்கத்தாரும் பேசியது ஒரே தமிழ். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணியாற்றிய அண்டிறீக்கு அடிகளார், புனிதர்களின் சரிதைகளைத் தமிழில் எழுதி 1586இல் அச்சேற்றினார். புனிதர்களைத் தமிழில் எச்சொல்லால் அழைப்பது என்ற கேள்வி அவர் முன் இருந்திருக்கும். திருக்கேதீச்சரத்தைப் பாடிய நாயன்மாரைத் தமிழர் எச்சொல்லால் அழைத்தனரோ, அச்சொல்லே பிற்காலத்தில் அந்நூலின் தமிழ்ப் பெயரில் இடம்பெற்றது. அடியார் வரலாறு என்று அது இன்று வழங்குகிறது.