சரையும் சீல் பெட்டியும்

ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் முடிவில் எனக்கு ஏழு கடதாசிச் சரைகளின் ஞாபகம் வரும்.

2000ஆம் ஆண்டு. நாங்கள் நியூ ஜேர்சிக்கு வந்து முதல் வருசம். பேர்கன் கவுண்டியில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தனாங்கள். ஹலோவீன் அன்று பின்னேரம் பிள்ளைகள் வேசம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவினம், ஏதாவது இனிப்பு எடுத்து வைக்கவேணும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னதும் அவவுக்குப் பெரிய சந்தோசம். தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. திரும்பவும் பயறு வறுத்து, அரைச்சு, சீனியும் வறுத்த தேங்காய்ப்பூவும் போட்டுப் பயத்தம் உருண்டை பிடிச்சா. தபால் பெட்டிக்கு வந்து குவிகிற கலர் விளம்பரத் தாள்களைச் சதுரமாக வெட்டிச் சரை சுத்தினா. ஒரு சரைக்கு இரண்டு உருண்டை. வாயை மடிச்சுச் செருகி வரிசையாக அடுக்கி வைச்சா.

வந்த பிள்ளைகள் எல்லாரும் வாங்கினார்கள். கூட வந்த தாய்தகப்பன் சிரிச்சு நன்றி சொன்னார்கள். அடுத்த நாள் விடிய வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்துக்கு வந்தன். அங்கே இருந்த குப்பை வாளிக்குள் ஏழு சரைகள் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "அடுத்த வருசம் கடையில சொக்லேட் பைக்கற் வாங்குவம், உங்களுக்கு வேலை மிச்சம்" என்று மட்டும் சொன்னன். உண்மையில் எனக்குக் கோபம். எங்கட கையால் செய்தது இவர்களுக்கு அருவருப்போ என்று நினைச்சன். அந்தக் கோபம் பாதி சரி, பாதி பிழை என்று விளங்க எனக்குக் கன காலம் எடுத்தது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறன்.

முதலில் எங்கட பக்கத்துக் கதை. யாழ்ப்பாணத்தில் இனிப்பைப் பொதி செய்கிற வேலையைக் கடதாசிக்கு முதல் பனையோலைதான் செய்தது. கருப்பநீரைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சின்ன ஓலைக் குட்டானுக்குள் ஊற்றுவார்கள். அது இறுகிப் பனங்கட்டியாகும். அச்சும் அதுதான், பொதியும் அதுதான். பனம்பழத்துக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைச்சு எடுக்கிற பனாட்டுக்கும் ஓலைப் பெட்டிதான். கல்யாணப் பலகாரம் மூடுபெட்டியில் போகும். எங்கட வீட்டுப் பெட்டி எது, சின்னம்மா வீட்டுப் பெட்டி எது என்று பின்னலைப் பார்த்தே சொல்லலாம். லேபல் என்ற ஒன்று தேவைப்படவேயில்லை.

கடதாசி பிறகு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் கிழக்கில் வாழைச்சேனையில் அரசாங்கக் கடதாசி ஆலை எழுந்தது. அதன் மூலப்பொருள் மரம் இல்லை, வைக்கோல். வைக்கோலை அவிச்சுக் கூழாக்கக் காஸ்டிக் சோடா வேணும். அதே காலத்தில் பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை காஸ்டிக் சோடா செய்தது. எங்கட வயல் வைக்கோல் கொப்பியாகி, கொப்பி எழுதி முடிஞ்சதும் கிலோக் கணக்கில் கடைக்குப் போய், கடையில் சரையாகித் திரும்பவும் எங்கட கைக்கு வந்த காலம் அது. கச்சான் சாப்பிட்டு முடிய, சரையை விரிச்சு யாரோ ஒரு பெடியன்ர கணக்கு வாத்தியார் போட்ட சிவப்புப் பிழையை வாசிப்பம்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடை அல்லது யானை விலை. பேப்பர் தாளுக்கும் தட்டுப்பாடு வந்து, 'உதயன்' போன்ற பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடிச்சு வந்தன. அந்தத் தாளையும் நாங்கள் எறியவில்லை. எங்கட ஒழுங்கையில் மூன்று நாலு வீட்டுப் பெண்கள் கோதுமை மாப் பசை காய்ச்சிக் கடதாசிப் பை ஒட்டிக் கடைகளுக்குக் குடுத்து, அந்தக் காசில் அரிசி வாங்கினார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. நூறு பை ஒட்டி முடிய விரல் நுனி எல்லாம் தோல் உரிஞ்சிருக்கும்.

அந்த நாளிலும் பலகாரம் நிற்கவில்லை. சீனி விலை ஏறினால் பனங்கட்டி. எண்ணெய் இல்லாவிட்டால் பொரிக்கிற பலகாரத்தை விட்டு, வறுத்த மாவில் உருண்டை. வருசத்துக்கும் தீபாவளிக்கும் நாங்கள் குடுக்க, நத்தாருக்குப் பக்கத்து வேதக்கார வீட்டிலிருந்து எங்களுக்கு வரும். தட்டைத் திருப்பிக் குடுக்கேக்க வெறுந்தட்டாகக் குடுக்கக்கூடாது. ஒரு கரண்டி சீனியாவது போடவேணும். 1993 நத்தாருக்கு அவர்களும் தட்டைக் கைவிட்டு, கொப்பித் தாளில் ஒட்டின சின்னப் பையில் இரண்டு துண்டு கேக் அனுப்பினார்கள். பையில் சிவப்புப் பென்சிலால் ஒரு நட்சத்திரம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அம்மா கடைசியாகப் பைக்குள் போட்டதும் பயத்தம்மாச் சரைகள்தான். செம்மணி தாண்டுகிற வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சாப்பாடு.

ஆகவே, சரை என்றால் எனக்கு வேறு ஒரு பொருள். 'இது எங்கட அடுப்படியில இருந்து வருது' என்று சொல்லுகிற கடதாசி அது.

இனி அமெரிக்கக் கதை. இந்த நாடும் ஒரு காலத்தில் சரை நாடுதான். 19ஆம் நூற்றாண்டில் பிஸ்கட் மரப் பீப்பாய்க்குள் கிடக்கும். கடைக்காரர் அள்ளித் தாளில் சுத்திக் குடுப்பார். நாங்கள் இன்றைக்கும் பாவிக்கிற தட்டை அடிக் கடதாசிப் பைக்கு மெசின் கண்டுபிடிச்சது மார்கரெட் நைட் என்ற ஒரு பெண். ஒருவன் அவவின்ர வடிவமைப்பைத் திருடித் தன்ர பெயரில் பதிய வெளிக்கிட, அவ வழக்காடி வென்று 1871இல் காப்புரிமை எடுத்தா. 1879இல் புரூக்ளினில் ரொபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் ஒரு பிழை நடந்தது. பையில் மடிப்புக் கோடு போடவேண்டிய இரும்புத் தகடு இடம் மாறித் தாளை வெட்டிப்போட்டது. வெட்டையும் மடிப்பையும் ஒரே தட்டில் செய்யலாமே என்று அவருக்குப் பொறி தட்டியது. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற மடிக்கிற அட்டைப் பெட்டி அந்தப் பிழையின் பிள்ளை.

1898இல் பல பேக்கரிகள் சேர்ந்து நேஷனல் பிஸ்கட் கொம்பனி உருவானது. பிற்காலத்து நபிஸ்கோ. அவர்கள் 'யுனீடா' என்ற பிஸ்கட்டை உள்ளே மெழுகுத்தாள், வெளியே அட்டைப் பெட்டி என்று சீல் பண்ணி விற்றார்கள். விளம்பரத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெடியன், கையில் பிஸ்கட் பெட்டி. சொன்ன செய்தி இதுதான்: பீப்பாயில் இருப்பது ஈரம், தூசி, பெட்டியில் இருப்பது சுத்தம். அதில் உண்மையும் இருந்தது, பீப்பாய்க்குள் எலியும் போகும்தானே. ஆனால் அன்றிலிருந்து நம்பிக்கை கடைக்காரரின்ர முகத்தை விட்டுப் பெட்டியின்ர முகத்துக்கு மாறத் தொடங்கியது.

வீடுகளுக்குள் அது மாற இன்னும் பல வருசம் எடுத்தது. 1950, 60களில் ஹலோவீனுக்கு வீட்டில் செய்த குக்கியும், பாகில் பிடிச்ச சோளப்பொரி உருண்டையும் மெழுகுத்தாளில் சுத்திக் குடுப்பது இங்கே சாதாரணம். சோளப்பொரி உருண்டை! எங்கட பொரிவிளாங்காயின் சொந்தக்காரன்.

பிறகு பயம் வந்தது. 1974 ஹலோவீன் இரவு டெக்சசில் டியர் பார்க் என்ற ஊரில் ஒரு எட்டு வயதுப் பெடியன் சயனைட் கலந்த இனிப்புத் தூள் சாப்பிட்டுச் செத்தான். நாடே நடுங்கியது. குடுத்தது முகம் தெரியாத அயலவன் இல்லை, காப்புறுதிக் காசுக்காகப் பெற்ற தகப்பன். அவனுக்கு 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் சனத்தின்ர மனதில் தங்கினது 'ஹலோவீன் இனிப்பில் நஞ்சு' என்ற சொல்தான். 1982இல் சிக்காகோவில் ரைலனோல் மாத்திரைகளுக்குள் யாரோ சயனைட் வைச்சு ஏழு பேர் செத்ததும் அந்தப் பயம் இன்னும் இறுகியது. சீல் உடையாத மூடிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்த விதிகள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958இலிருந்தான செய்திகளை எல்லாம் தேடிப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவர் ஹலோவீன் இனிப்பில் நஞ்சு வைச்சு ஒரு பிள்ளையைக் கொன்றதாக ஒரு சம்பவம்கூட உறுதியாகவில்லை. அதற்கிடையில் வீட்டுப் பலகாரம் தெருவை விட்டுப் போய்விட்டது.

இதை வாசிச்ச நாள் எனக்கு அந்தக் குப்பை வாளி வேறு மாதிரித் தெரிஞ்சது. அந்தத் தாய்தகப்பன் எங்களைத்தான் வெறுத்தார்கள் என்று சொல்ல ஏலாது. பக்கத்து வெள்ளைக்காரக் கிழவி குடுத்த குக்கியையும் அப்படித்தான் எறிஞ்சிருப்பார்கள். எங்களுக்கு ஆமி, செல், பங்கர் என்று பயம். இவர்களுக்கு அயல்வீடு பயம். எங்களுக்குப் பயம் கூடக் கூடத் தட்டு வேலி தாண்டியது. இவர்களுக்குத் தட்டு நின்றுபோனது.

நியூ ஜேர்சியில் இந்தப் பயம் சட்டமாகவே இருந்தது. வீட்டு அடுப்படியில் செய்ததைச் சும்மா குடுக்கலாம், தர்ம காரியத்துக்கு விற்கலாம். ஆனால் பிழைப்புக்கு விற்றால் தண்டம். எங்கட ஊர் மாமி ஒருவர் இருபது வருசமாகத் தீபாவளிக்கும் நத்தாருக்கும் ஓடருக்குக் கேக் அடிச்சுக் குடுத்தவ, ஏதோ கசிப்பு விற்கிறது போல. "போன்ல கேக் எண்டு சொல்லாதேங்கோ தம்பி, புத்தகம் வேணும் எண்டு சொல்லுங்கோ" என்பா. புருசன் காணாமல் போய், இரண்டு பிள்ளைகளை அந்தப் 'புத்தகத்தில்' படிப்பிச்சவ. டெக்சசில் 2011இலும் கலிபோர்னியாவில் 2013இலும் வீட்டில் செய்து விற்கச் சட்டம் இடம் குடுத்தது. பே ஏரியாவில் இருந்த அவவின்ர தங்கச்சி லேபல் ஒட்டி விற்க, இவ இங்கே ஒளிச்சு வித்தா. 2017இல் வீட்டில் பேக் பண்ணுகிற சில பெண்கள் மாநிலத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2021 ஒக்டோபர் 4இல்தான் விதி மாறியது. ஐம்பது மாநிலங்களில் கடைசி மாநிலம் எங்கட நியூ ஜேர்சி.

அதே 2021இல் இன்னொன்றும் நடந்தது. ஃபெயார் லோனில் 208ஆம் வீதிக் கரையில் 1958இலிருந்து இயங்கின நபிஸ்கோ தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த வழியால் வேலைக்குப் போகேக்க காருக்குள் பிஸ்கட் வாசம் அடிக்கும். பீப்பாயை ஒழிச்ச கொம்பனி எங்கட ஊரை விட்டுப் போன வருசமே அடுப்படிக்கு அனுமதி கிடைச்சது. திட்டமிட்டு நடந்ததில்லை, ஆனால் மாமிக்குச் சொல்லச் சிரிச்சா.

மாமி சோதனை எழுதி, நூறு டொலர் கட்டி அனுமதி எடுத்தா. இப்ப அவவின்ர பொதி இப்படி: உள்ளே மெழுகுத்தாள், வெளியே தானே மடிச்சு ஒட்டுகிற கடதாசிப் பை. பழைய பேப்பரில் சுத்த ஏலாது, அச்சு மை சாப்பாட்டில் ஊறும். இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்திருக்கு. எங்கட உதயன் சரையில் எவ்வளவு மை சாப்பிட்டமோ! பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. லேபலும் நல்லதுதான். 2023இலிருந்து எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்ந்திருக்கு. எள்ளு ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய்க்கு அந்த ஒரு வரி உயிர்.

ஆனால் லேபலில் கட்டாயம் போடவேண்டிய இன்னொரு வசனம் இருக்கு. இது சுகாதாரத் திணைக்களம் பரிசோதிக்காத வீட்டுச் சமையலறையில் செய்தது என்ற கருத்துப்பட. போன தீபாவளிக்கு மாமியின்ர கேக் வர, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை அதை மொழிபெயர்க்கச் சொன்னா. சொன்னன்.

"பரிசோதிக்காத அடுப்படியோ? இருபது வருசமா நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுப் பரிசோதிச்சுக்கொண்டுதானே இருக்கிறம்" என்றா.

அன்றைக்குத்தான் அந்த ஏழு சரைகளின் கதையை அம்மாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் அண்டைக்கு இருபது சுத்தினனான். மிச்சம் பதின்மூண்டு?" என்று கேட்டா.

அதை நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. பதின்மூன்றை யாரோ வீட்டுக்குக் கொண்டு போயிருக்கினம்.

இந்த வருசம் திரும்பவும் பயறு வறுக்கப்போறாவாம். மெழுகுத்தாள் வாங்கி வைச்சிருக்கிறன். சதுரம் வெட்டுகிற வேலை என்ர மகளுக்கு.