உக்கிய பாறை மண்: வெட்டமுன் ஒரு வலிமை, கொட்டியபின் வேறொன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். கருங்கல்லும் அதையொத்த பாறைகளும் உக்கி உண்டான மண்ணைப் பார்க்க வன்னியின் உட்பகுதிக்கோ மலையகத்துக்கோ போகவேண்டும். ஆனாலும் இங்கே அத்திவாரம் நிரப்ப வன்னியிலிருந்து லொறிகளில் கிறவல் வந்துகொண்டே இருப்பதால், அந்த மண்ணின் குணம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

பாறை உக்கும்போது அதிலுள்ள பெல்ட்ஸ்பார் களியாகிறது. குவாட்ஸ் மணலாக எஞ்சுகிறது. ஆனால் மணிகள் தாய்ப்பாறையில் இருந்த ஒழுங்கிலேயே, மெல்லிய பிணைப்போடு நிற்கின்றன. மண்ணின் வலிமையில் பெரும்பங்கு இந்தக் கட்டமைப்பில்தான் இருக்கிறது. துளைகளில் உள்ள சிறிதளவு ஈரமும் மணிகளை இழுத்துப் பிடிக்கும். கடற்கரையில் பிள்ளைகள் ஈரமணலில் கோபுரம் கட்டுவதும் இதனால்தான். பெருமழையில் துளைகள் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விடும். பாறையின் பழைய வெடிப்புகளும் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். சரிவு பெரும்பாலும் அவற்றின் வழியே தொடங்கும்.

வன்னியில் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் நேராக நின்ற சுவர் மாரியில் இடிந்து விழும். பிணைப்பே இல்லாத முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலிலோ, சேலைகளில் மூட்டை தைத்து அடுக்க வேண்டியிருந்தது.

மலையகத்தில் இது வீடுகளையே விழுங்கும். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொடர் மழைக்குப் பின் சரிந்த மலை, தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் புதைத்தது. அங்கிருந்து மக்களை அகற்றும்படி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் போதாமல் நேர்ந்த சாவுகள் அல்ல அவை.

கட்டமைப்பைக் குலைத்தால் என்னவாகும் என்பதை ஹொங்கொங் காட்டியது. சௌ மௌ பிங் பகுதியில் 1972இல் வீதிக்கரை சரிந்து 71 பேர் இறந்தனர். 1976 ஓகஸ்ட் 25இல் அதே பகுதியில் மேலும் 18 பேர். 1976இல் சரிந்தது, உக்கிய கிரனைட் மண்ணை வெட்டியெடுத்து, இறுக்காமல் கொட்டி அமைத்த சரிவு. தண்ணீர் ஏறியதும் அது சேறாக ஓடியது. அத்தகைய சரிவுகளின் மேல் 3 மீற்றர் மண்ணைத் தோண்டியெடுத்து மறுபடி இறுக்கும்படி விசாரணைக் குழு பரிந்துரைத்தது. நிலத்திலிருந்து குலையாமல் வெட்டியெடுத்த மாதிரியும், உதிர்த்துப் பிசைந்த மாதிரியும் ஆய்வுகூடத்தில் ஒரே வலிமையைக் காட்டாததும் இதனால்தான்.

வீட்டு அத்திவாரத்துக்குள் கொட்டும் கிறவலும் தன் கட்டமைப்பை இழந்து வந்ததே. ஒரேயடியாக நிரப்பி மேலே தண்ணீர் ஊற்றிவிட்டால் போதாது. அரை அடிப் படைகளாகப் பரப்பி, அளவாக நனைத்து, ஒவ்வொன்றையும் இறுக்கிய பின்பே அடுத்ததைப் போடவேண்டும். கொங்கிரீற் நிலம் அதற்குப் பிறகுதான்.