யோசனைப் பெட்டியும் வேலை உத்தரவாதமும்: ஃப்ரீமான்ட் ஆலை தரும் சான்று

சிக்கன உற்பத்தி முறையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி கருவிகளைப் பற்றியவை. உதிரிபாகத் தேவையைக் காட்டும் கான்பான் அட்டை, லைனை நிறுத்தும் ஆண்டான் கயிறு, யோசனைப் பெட்டி ஆகியவற்றை நிறுவனங்களும் ஆர்வத்தோடு கொண்டுவருகின்றன. பல இடங்களில் ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் சுவரில் பலகைகள் மட்டுமே மிஞ்சுகின்றன. தொழிலாளரின் மனப்போக்கு, பயிற்சிக் குறைவு, ஜப்பானியப் பண்பாடு நமக்கு வராது என்றெல்லாம் அதற்குக் காரணம் சொல்வது வழக்கம். காரணம் அதைவிட எளியது என்று கருத இடமிருக்கிறது. ஒரு வேலையைக் குறைந்த ஆளைக்கொண்டு, குறைந்த நேரத்தில் முடிக்கும் வழியை அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டுப் பெறுவதுதான் தொடர் மேம்பாடு. நிர்வாகத்தோடு பேரம் பேச அவருக்கு இருக்கும் பிடியே அந்த அறிவுதான். அதைச் சொன்னால் தன் வேலையோ பக்கத்தில் நிற்பவரின் வேலையோ போய்விடும் என்ற நிலையில் அவர் வாயைத் திறக்காமல் இருப்பதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஆகவே வேலை உத்தரவாதத்தை இம்முறையோடு ஒட்டவைத்த நலத்திட்டமாகப் பார்ப்பது தவறு. அது இல்லாமல் முறையே இயங்காது.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. அங்கு வேலைக்கு வராதோர் விகிதம் 20 சதவீத அளவில் இருந்தது. 1984இல் அதே வளாகத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ‘நம்மி’ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. சங்கம் பழைய வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.தான், முதலில் எடுக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆலையில் இருந்தவர்கள். சில ஆண்டுகளிலேயே உற்பத்தித் திறன் பழைய ஆலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கானது. வராதோர் விகிதம் 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த ஆலையை ஆராய்ந்து பால் அட்லர் 1993இல் வெளியிட்ட கட்டுரை, நேரம் அளக்கும் உரிமை கைமாறியதை முக்கியமாகக் காட்டுகிறது. முன்பு பொறியாளர்கள் வேலையை வகுத்தார்கள். நம்மியில் ஸ்டாப்வாட்ச் தொழிலாளர் கைக்கு வந்தது. லைனை நிறுத்தும் உரிமையும் வந்தது. ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை என்றால் அங்கு நிற்பவர் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுப்பார். மெட்டு ஒலிக்கும், பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து சேருவார். வண்டி அந்த இடத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டும் முன் குறை தீராவிட்டால் லைன் நிற்கும். கயிற்றை எந்த ஆலையும் வாங்கி மாட்டிவிடலாம். அதை இழுப்பவருக்கு என்ன நேரும் என்பதைத் தீர்மானித்தது சங்கத்தோடு செய்த 1985 ஒப்பந்தம். நிறுவனத்தின் நீண்டகால இருப்பையே அச்சுறுத்தும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை. அப்போதும் முதலில் நிர்வாகிகளின் சம்பளம்தான் குறைக்கப்படும். 1988 வாக்கில் விற்பனை சரிந்து, ஆலை தன் கொள்ளளவில் 60 சதவீதம்கூட ஓடாத நிலை வந்தது. ஆனாலும் ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. வேலையில்லாமல் மிஞ்சியவர்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டுப் பணிக்கும் அனுப்பப்பட்டார்கள். 1991இல் தொழிலாளர் தந்த யோசனைகள் 10,000ஐத் தாண்டின. தொடக்க ஆண்டுகளில் யோசனை சொன்னவர்கள் குறைவு என்பதையும், நிர்வாகம் நஷ்டத்தைத் தாங்கி வாக்கைக் காப்பாற்றியதைத் தொழிலாளர் நேரில் கண்ட பிறகே இந்த எண்ணிக்கை வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டு ஆண்டு வேலையின்றி இருந்தவர்கள் பயந்து ஒழுங்கானார்கள். உத்தரவாதத்துக்கு இதில் பங்கில்லை என்பது அந்த மறுப்பு. அச்சம் ஆளை நேரத்துக்கு வரவழைக்கும், கையை வேகமாக ஓட்டவைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையில் அச்சத்துக்குக் குறைவே இல்லை. மூடப்படும் என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கிய நிலையில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் பிற்பகுதியில் அங்கே குழுமுறையைக் கொண்டுவந்தது. சங்கம் இரண்டாகப் பிளந்தது, பலன் வரவில்லை, 1992இல் ஆலை மூடப்பட்டது. உதிரிபாகம் தருவோரும் மேலாளர்களின் பழக்கமும் மாறாததும் அத்தோல்விக்குக் காரணம் என்பதால், இந்த ஒப்பீட்டை முழுமையான நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனால் அச்சம் மட்டும் போதும் என்ற வாதத்தை முறியடிக்க இது போதும்.

இன்னொரு மறுப்பு இடதுசாரித் தரப்பிலிருந்து வருகிறது. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் இந்த முறையை ‘அழுத்தத்தால் நிர்வாகம்’ என்றார்கள். பழைய அமெரிக்க லைனில் 60 விநாடியில் 45 விநாடி வேலை இருந்தது. நம்மியில் 57 விநாடி. இந்தக் கணக்கை மறுப்பதற்கில்லை. மூச்சுவிடும் நேரமும் ‘வீண்’ என்ற தலைப்பில் அடங்கிவிட்டது என்பது உண்மை, மேலாண்மை நூல்கள் பொதுவாக மென்று விழுங்கும் உண்மையும்கூட. 1972இல் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து நாட்குறிப்பு எழுதிய சதோஷி கமாட்டாவும் இதே களைப்பைத்தான் பதிவு செய்தார். எனினும் கமாட்டா நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். 1950இல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த பெரும் போராட்டத்தின்போது தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். 1962இல் நிர்வாகமும் சங்கமும் தம் உறவு குறித்துக் கூட்டுப் பிரகடனம் செய்தன. இப்படி உருவான பாதுகாப்பு நிரந்தரத் தொழிலாளருக்கு உரியது. ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறும் கமாட்டாவுக்கு அது கிடையாது. டொயோட்டா தன் வேலை உத்தரவாதத்தைக் காக்கத் தற்காலிகத் தொழிலாளரை மெத்தையாக வைத்திருந்தது என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டு வாகன ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியாளரையும் லைனில் நிறுத்திவிட்டு யோசனை கேட்பவர்களும் இதே கணக்கைத்தான் எதிர்கொள்கிறார்கள்; அடுத்த ஆண்டு இங்கே இருக்கப்போகிறோமா என்று தெரியாதவர் எதற்காகச் சொல்ல வேண்டும்? ஆகவே ஓர் ஆலையின் மேம்பாட்டை ஆராய்பவர், எத்தனை யோசனைகள் வந்தன என்று எண்ணுவதோடு, அவற்றால் விடுபட்ட ஆட்கள் அடுத்த மாதம் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நம்மியே 2010 ஏப்ரலில் மூடப்பட்டதே என்று கேட்கலாம். 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டை விட்டு விலகியது. டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். தரமோ உற்பத்தியோ குன்றியதால் நேர்ந்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் நம்மி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது, அதன் இரு உரிமையாளர்களை அல்ல. எந்த வேலையிலிருந்து ஆளை எடுப்பது என்பதில் தொழிலாளருக்குக் குரல் இருந்தது. ஆலை இருப்பதா வேண்டாமா என்ற முடிவு டெட்ராய்ட்டிலும் டொயோட்டா நகரத்திலும் எடுக்கப்பட்டது.